ஒட்டியவர் யார் என்று கேளுங்கள்

கேள்வி: வீட்டில் மூன்றடி மீன் தொட்டி வைக்க ஆசை. சேலத்தில் விசாரித்தேன். பெட்டியில் வரும் சீனத் தொட்டி ஒரு விலை. கடைக்காரரே ஒட்டித் தருவது அதைவிடக் குறைவு. ஜெர்மனியின் ஜுவல்தான் சிறந்தது என்கிறார் நண்பர். எந்த கம்பெனித் தொட்டி வாங்கலாம்? எங்களுக்குப் போர் தண்ணீர்தான்.
- வாசகர், ராசிபுரம்

பதில்: நாமக்கல் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். லாரிக்குச் சேஸிஸ் தருவது அசோக் லேலண்டு; பாடி கட்டுவது உங்கள் ஊர்ப் பட்டறை. மீன் தொட்டியும் அப்படித்தான். கண்ணாடி வருவது பெரிய ஆலையிலிருந்து. செயின்ட் கோபைனின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2000 முதல் ஓடுகிறது. அந்தக் கண்ணாடியை அறுத்து, விளிம்பு தேய்த்து, சிலிக்கான் வைத்து ஒட்டுகிறவர்தான் தொட்டியின் உண்மையான தயாரிப்பாளர். ஜுவல் நல்ல தொட்டி, மறுக்கவில்லை. ஆனால் காலித் தொட்டி இடத்தை அடைக்கும் சரக்கு. அது கடல் கடந்து வரும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

போயு, சோபோ இரண்டும் சீனாவின் குவாங்டோங் மாகாணத்து கம்பெனிகள். வளைந்த முகப்பு, மூடியிலேயே விளக்கு, ஃபில்டர் என்று வருபவை பார்க்க அழகு. வளைந்த கண்ணாடியில் விரிசல் விழுந்தால் மாற்றுக் கண்ணாடிக்கு எங்கே போவீர்கள்? சாதாத் தொட்டியில் சிலிக்கானை அறுத்து அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றிவிடலாம். என் ஓட்டு உள்ளூர்த் தொட்டிக்கே.

ஆனால் கறாராகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும். நீளம் கூடினால் கண்ணாடி வளையும். 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரத்துக்கு 8 எம்எம் கேளுங்கள். ‘அஞ்சு எம்எம்மே தாங்கும் சார்’ என்றால் அடுத்த கடை. குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கான் கூடவே கூடாது, அந்த மருந்து மீனைக் கொல்லும். ஒட்டில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு வாரம் காயவிட்டு, வாசலிலேயே இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்த பிறகு கூடத்துக்குக் கொண்டுபோங்கள். வாய்வரை நிரப்பினால் ஏறத்தாழ 190 லிட்டர். கண்ணாடி, மணல் சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டலாம். டீப்பாய் தாங்காது. இரும்பு ஸ்டாண்டும் அடியில் தெர்மாகோலும் வேண்டும்.

பிராண்டுக்குக் காசு கொடுப்பதென்றால் ஃபில்டருக்குக் கொடுங்கள். இரவு பகலாக ஓடுவது அதுதான். ஜெர்மனியின் எஹைம் 1949 முதல் இருக்கிற கம்பெனி, பெயருக்கேற்ற விலை. சீனத்துச் சன்சன் கைக்கு அடக்கம். எதுவானாலும் இம்பெல்லரும் வாஷரும் சேலத்திலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் கப்பிக்கும் மோலிக்கும் கொண்டாட்டம். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். வாரம் ஒருமுறை கால்வாசியை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். கப்பிக்கும் மோலிக்கும் உங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் காசில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், கோடையில் கரண்ட் போகும் நேரத்துக்கு உதவும்.