சாரல் ஊரில் ஓட்டு வீடும் பழைய காரும்: ஈரத்தை விரட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, பண்பொழி என மலையடிவாரத்து ஊர்களில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று உங்கள் பங்குக்கு வந்திருக்கலாம். அதன் கொட்டகையில் ஓர் அம்பாசிடரோ பத்மினியோ நின்றுகொண்டிருக்கலாம். இரண்டையும் விற்றுத் தொலைக்கச் சொல்ல நாலு பேர் வருவார்கள். வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆனி முதல் ஆவணி வரையிலான சாரல் சீசனில் வந்து தங்குபவர்கள் முதலில் தேடுவது ஹீட்டரை. உண்மையில் குற்றாலத்துச் சாரலில் உடம்பை நடுக்கும் குளிர் கிடையாது. வீட்டையும் வண்டியையும் அரிப்பது ஈரம். தலையணை நமுத்துப் போகிறது, பீரோவில் பூஞ்சணம் பிடிக்கிறது, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

வைத்தியமும் ஒன்றே. முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். அடுத்து, வந்த ஈரம் வெளியேற வழி விடுங்கள். கடைசியாகத்தான் சூடு காட்டுவது. இந்த வரிசை மாறினால் செலவழித்த பணம் சுவரோடு ஊறிப்போகும்.

## முதலில் சாரலைப் புரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் காற்று புகுந்து வரும் முக்கியக் கணவாய்கள் நான்கு: பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான் நம் ஊருக்குள் நுழைகிறது. மலையின் கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத் தூவானமாக இங்கே வீசுகிறது. எனவே சாரல் மேலிருந்து விழுவதைவிட மேற்கிலிருந்து சாய்ந்து அடிப்பதே அதிகம். கூரையானாலும் சுவரானாலும் கார் கொட்டகையானாலும் மேற்குப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

ஆனாலும் அளவில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் வெள்ளத்தில் பட்ட பாடு நினைவிருக்கும். சாரல் ஊறவைக்கும், அடைமழை அடித்துச் செல்லும். இரண்டுக்கும் வீடு தயாராக இருக்க வேண்டும்.

## படி 1: கூரை

மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியதுதான் நாம் சீமை ஓடு என்று சொல்லும் தட்டை ஓடு. ஒன்றோடொன்று பல்லில் மாட்டிக்கொள்வதால் ஒன்று விரிந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். கான்கிரீட் கூரையில் இந்த வசதி கிடையாது.

சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், வீட்டுக்குள் எல்லா விளக்கையும் அணைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். கண் பழகியதும் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒழுகப்போகும் இடம். நேர் கீழே தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வையுங்கள். ரீப்பர் கட்டைகளில் கறுப்புக் கோடு ஓடியிருந்தால், தண்ணீர் ஓர் இடத்தில் புகுந்து இன்னோர் இடத்தில் சொட்டுகிறது என்று பொருள். கோட்டின் மேல்முனையைத் தேடுங்கள், ஓட்டை அங்கேதான் இருக்கும்.

பிறகு வேலை இப்படி நடக்கட்டும்:

1. விரிந்த ஓடுகளை மாற்றுங்கள். மாற்று ஓட்டை விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேண்டாம். 100 சதுர அடிக்குச் சுமார் 140 ஓடு பிடிக்கும்.
2. முகட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருந்தால் சுண்ணாம்புக் கலவையால் பூசுங்கள்.
3. இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய்த் தகரத்தில் சருகு அடைத்திருக்கும். பெரும்பாலான ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறது. சீசனுக்கு முன் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை வாரிக் கொட்டுங்கள்.
4. ரீப்பரையும் கைமரத்தையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் செல்லரித்திருக்கிறது. அந்தத் துண்டை மாற்றாமல் மேலே ஓடு ஏற்றாதீர்கள்.
5. இரண்டு ஓட்டுக்குப் பதில் கண்ணாடி ஓடு போடுங்கள். உள்ளே விழும் வெயில் இலவச வைத்தியம்.

பாசி பிடித்த ஓட்டில் வெறும் காலோடு ஏறுவது ஆபத்து. பழகிய கொத்தனாரை வைத்து, பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள்.

## படி 2: சுவர்

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், சில வீடுகளில் மண் சாந்தும் கொண்டது. அது ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் குடித்த ஈரம் வெளியேற முடியாமல் மேலே ஏறும். சுவரில் இடுப்புயரத்துக்கு ஓதம் ஏறி, வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு பொடிப் பொடியாகக் கொட்டுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஓதம் ஏறிய உயரத்துக்கு மேலே இன்னும் ஓர் அடிவரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு உடனே பூசினால் பழைய கதைதான். காய்ந்த பிறகு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சாந்தைக் குழைக்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், மூன்று கை வெள்ளையடித்தால் போதும்.

வெளியே, சுவரை ஒட்டிய மண் வீட்டுத் தரையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவி, சுவருக்கு எதிர்ப்பக்கம் வாட்டம் கொடுங்கள். சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகையும் பழைய ஓட்டையும் அப்புறப்படுத்துங்கள். கரையானுக்கு அதுவே ஏணி.

## படி 3: காற்று

நம் பக்கத்து வீடுகள் பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒரே கோட்டில் போகும். வாசலில் நின்றால் புறவாசல் தெரியும். காற்று ஊடுருவிப் போகத்தான் இந்த அமைப்பு. நடுவில் பலகையடித்து அறை பிரித்தவர்கள் வீட்டிலேதான் பூஞ்சணம் அதிகம்.

சாரல் விட்ட நேரத்தில் கதவெல்லாம் திறந்திருக்கட்டும், அடிக்கும்போது மேற்கு ஜன்னலை மட்டும் சாத்துங்கள். பீரோவும் கட்டிலும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியே நிற்கட்டும். நெல்லோ பாத்திரமோ வைக்கும் பத்தாயத்துக்கு அடியில் கல் கொடுத்துத் தூக்குங்கள்.

ஈரமானி ஒன்று வாங்கி மாட்டுங்கள், விலை அதிகமில்லை. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலேயே நாள் கணக்கில் நின்றால் பூஞ்சணம் வந்தே தீரும். ஈரத்தை உறிஞ்சும் மின்சாரக் கருவியை ஓட்டுக் கூரைக்குக் கீழே வைப்பது வீண் செலவு. ஓட்டின் இடுக்கு வழியாகப் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். மச்சுப் பலகை போட்டு அடைத்த சிறிய அறைக்கு மட்டும் அது உதவும்.

## படி 4: சூடு

அடுக்களையில் விறகடுப்பு எரிந்த காலத்தில் அதன் சூடும் புகையும் நாள்தோறும் கூரை மரத்தைக் காயவைத்தன, பூச்சியையும் அண்டவிடவில்லை. கேஸ் வந்ததும் நுரையீரல் தப்பித்தது, கூரை மரம்தான் அனாதையானது. சமையல் கேஸிலேயே நடக்கட்டும். சீசன் மாதங்களில் மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் விறகடுப்பை மூட்டி வெந்நீர் போடுங்கள். புகைக்கூண்டில் குருவிக்கூடோ கரியோ அடைத்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள். புறவாசல் கதவு திறந்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். கரி அணையும் தறுவாயில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். சாம்பிராணிப் புகை போட்டாலும் தணல் தட்டைப் படுக்கும் முன் வெளியே வைத்துவிடுங்கள்.

மின்சார ஹீட்டர் வைக்க வேண்டுமானால் முதலில் வயரிங்கைப் பாருங்கள். மரப்பட்டையில் ஓடும் பழைய ஒயர் அந்தச் சுமையைத் தாங்காது. ஈரச் சுவர் உள்ள வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். உயிரைக் காப்பது அந்தச் சின்னப் பெட்டிதான்.

## படி 5: காரை எங்கே நிறுத்துவது

அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றது. மாருதி 800ம் அதே ஆண்டில் விடைபெற்றது. இனி புதிது வராது, இருப்பதைக் காப்பாற்றுவதே வழி.

மண்தரையிலும் புல்லிலும் நிறுத்தினால் அடியிலிருந்து ஈரம் ஏறும். கல்லோ சிமெண்டோ பாவிய தரை வேண்டும். கொட்டகையின் மேற்குப் பக்கத்தைத் தகரத்தால் அடைத்து, கிழக்கைத் திறந்து விடுங்கள். வண்டியின் முகப்பு கிழக்கே பார்க்கட்டும். அப்போது சாரல் கிரில் வழியாக இன்ஜினுக்குள் போகாது. தார்ப்பாயைப் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துப் பெயிண்ட் கொப்புளிக்கும். துணிக் கவர் போடுங்கள். கண்ணாடியை விரல் இடைவெளி அளவு இறக்கி வையுங்கள்.

வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஈரத்தில் டிரம்மோடு பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

## படி 6: துரு

துரு மறைவான இடத்தில்தான் தொடங்கும். கால்மிதியைத் தூக்கித் தரைத் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, பேட்டரித் தட்டு, முன் கண்ணாடி பீடிங்கின் கீழ்மூலை, கதவின் அடிப்பக்கம் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். கதவுக்கு அடியில் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். அவை அடைத்தால் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.

மேலாகத் தெரியும் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் பூசுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மறைக்க வேண்டாம். தகரத்தை வெட்டிப் புதுத் துண்டு வைக்கும் டிங்கரிடம் கொடுங்கள். அடிப்பக்கத்துக்கு அண்டர் கோட்டிங் அடிப்பது வைகாசிக்குள் முடியட்டும். கழிவு ஆயிலை அடியில் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மழையில் கழுவப்பட்டு அது சிற்றாற்றில்தான் போய்ச் சேரும். வண்டியை ஆற்றில் இறக்கிக் கழுவுவதும் அதே பாவம்தான்.

## படி 7: காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா

கார்புரேட்டர் வண்டி சாரலில் மக்கர் செய்தால், பத்தில் எட்டு முறை குற்றவாளி கரண்டு லீக். இரவில் இன்ஜினை ஓடவிட்டு, விளக்கில்லாத இடத்தில் பானட்டைத் திறந்து பாருங்கள். பிளக் ஒயர் நெடுக நீலப் பொறிகள் ஊர்ந்தால் ஒயர் போய்விட்டது. கையை மட்டும் நீட்டாதீர்கள், ஷாக் பலமாக இருக்கும்.

* டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிர்போல் கீறல் இருந்தால் மாற்றுங்கள்.
* அந்த மூடிக்கு அடியில் இருக்கும் பாயிண்ட் கருகியிருந்தால் தேய்த்து, பீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யுங்கள். பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினுக்குப் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.
* பேட்டரி, வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுங்கள். டெர்மினலில் வாஸ்லின் தடவுங்கள்.

## படி 8: ஓட்டம், பெட்ரோல், பிரேக்

வாரம் ஒரு முறை வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் உறுமவிடுவது நன்மையைவிடக் கெடுதலே செய்யும். அரைச்சூட்டில் சைலன்ஸருக்குள்ளும் ஆயிலிலும் தண்ணீர் தங்கும். ஆயில் மூடியின் உட்பக்கம் மோர்போல் வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று கிழக்கே போகப் போகச் சாரல் விட்டு வெயில் வரும். வண்டி உள்ளும் புறமும் காய்ந்து திரும்பும்.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயபிரத்தையும் கெடுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாற்றுங்கள். டாங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கசிவைக் கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டினால் டிரம் காயும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருகவே திருகாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## படி 9: காகிதங்கள்

சொந்த வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 ஆண்டுக்கொரு முறை. காலாவதி ஆகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021இல் தனி விதி வந்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

## மாதவாரிப் பட்டியல்

* சித்திரை, வைகாசி: ஓடு மாற்றுதல், சுவர்ப் பூச்சு, வெள்ளையடிப்பு, அண்டர் கோட்டிங், புது வைப்பர் ரப்பர்.
* ஆனி முதல் ஆவணி வரை: மாலை அடுப்பு, வாராவாரம் கிழக்கே ஓர் ஓட்டம், சாரல் விட்டபோது பாய் படுக்கைக்கு வெயில்.
* புரட்டாசி: கூடல்வாய் சுத்தம், வாய்க்கால் வெட்டு, பேட்டரி சோதனை.
* ஐப்பசி, கார்த்திகை: வண்டியை மேட்டில் நிறுத்துதல், ஒழுகும் இடங்களைக் குறித்து வைத்தல்.
* தை, மாசி: குறித்து வைத்ததைக் கொத்தனாரிடமும் மெக்கானிக்கிடமும் சொல்லி விலை பேசுதல்.

## கையில் பணம் கொஞ்சம்தான் என்றால்

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். முதல் ஆண்டு வீட்டுக்கு ஓடும் கூடல்வாயும், வண்டிக்குப் பெட்ரோல் குழாயும் பிரேக்கும். இரண்டாம் ஆண்டு சுவரும் துருவும். பெயிண்டும் பாலிஷும் கடைசி. சீமை ஓடு மாற்றவும், சுண்ணாம்பு நீற்றவும், பாயிண்ட் பார்க்கவும் தெரிந்த கைகள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் நிற்க வையுங்கள். அடுத்த முறை பாதி வேலையை நீங்களே செய்துகொள்ளலாம்.