அடையாளச் சீட்டு

மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் சமயநல்லூர். அவ்வூர்ப் பெண்ணொருத்தி நேர்முகத் தேர்வுக்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அவள் இணைய மையத்தில் அமர்ந்து பயணச்சீட்டுப் பதிவு செய்கிறாள். முதலில் தன் பெயரைத் தந்து உள்நுழைகிறாள். அடுத்து வண்டியைத் தேர்கிறாள். பின்னர்ப் பயணியின் விவரம் தருகிறாள். இறுதியில் வங்கி வழியே பணம் செலுத்துகிறாள். இவை நான்கும் அவளுக்கு ஒரே செயல்; கணினிக்கோ தனித்தனி வேண்டுகோள்கள்.

இஃது ஏன்? இணையம் பின்பற்றும் எச்.டி.டி.பி. என்னும் நெறி இயல்பாகவே நினைவற்றது. வினா வரும், விடை செல்லும், அத்துடன் தொடர்பு முடிந்துவிடும். அடுத்த வினாவை விடுப்பவர் முன்பு வந்தவர்தாமா என்பதை அந்நெறி அறியாது. பணம் பெறும் வேளையில், தேர்ந்த வண்டி மறந்துபோனால் பயணியின் நிலை என்னாவது?

மருத்துவமனையில் இதற்கு வழி காணலாம். அங்கே புறநோயாளிக்கு எண்ணிட்ட சீட்டொன்று தரப்படுகிறது. மருத்துவரும் குருதி ஆய்வாளரும் மருந்தாளுநரும் அவரை முன்பு கண்டவரல்லர். எனினும், சீட்டின் எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் பார்த்தால் நடந்தவை விளங்கும். 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்பார் இத்தகைய சீட்டை இணையத்திற்கு அமைத்தார். அதன் பெயர் குக்கி. உலாவி அதனைப் பெற்றுக் காத்து, ஒவ்வொரு வேண்டுகோளுடனும் தானே காட்டும்.

ஆனால், ஒரு நிரல் மற்றொரு நிரலை அழைக்கும்போது இடையில் உலாவி இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2002ஆம் ஆண்டில் இணையவழிப் பயணச்சீட்டு வழங்கத் தொடங்கியது. இருக்கைகளின் கணக்கோ 1980களில் தோன்றிய முன்பதிவு அமைப்பில் இருந்தது. இவ்விரண்டும் வங்கியின் கணினியும் ஒத்துழைத்தால்தான் சீட்டுக் கிடைக்கும். இத்தகைய பணிகளில் ஈடுபடும் நிரல்கள் ஒரே மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டுமென்பதில்லை. அழைக்கும் நிரலை எழுதுபவரே, விடையுடன் வந்த அடையாளத்தை எடுத்துவைத்து, அடுத்த அழைப்புடன் சேர்த்தனுப்புமாறு செய்தல் வேண்டும். தவறினால் ஒவ்வோர் அழைப்பும் புதியவர் அழைப்பாகவே கொள்ளப்படும்.

மேலும், ஜாவா நிரல் தனக்கே உரிய வடிவில் சேமித்த விவரத்தைப் பைத்தான் நிரல் எளிதில் படிக்க இயலாது. ஆதலின், பதிவேடு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், ஜேசன், எக்ஸ்.எம்.எல். போன்ற பொது வடிவில் இருத்தல் நன்று. பணம் செலுத்தியவுடன் இணைப்பு அறுந்தாலும், பரிமாற்றத்திற்கென ஓர் எண் இருப்பின், மீண்டும் வரும் வேண்டுகோள் பழையதே என்றறிந்து, இருமுறை பணம் கொள்ளாது தடுக்கலாம்.

மாணவர்களே! இவ்வடையாளம் பிறர் கைப்பட்டால், அவர் நம் பெயரால் செயற்படக்கூடும். ஆகவே அது பிறரால் ஊகிக்க இயலாததாகவும், குறித்த காலத்தில் காலாவதியாவதாகவும் அமைக்கப்படுகிறது. பொதுக் கணினியை விட்டு எழுமுன் வெளியேறும் பொத்தானை அழுத்துதல் நம் கடமை. சமயநல்லூர்ப் பெண்ணும் பயணச்சீட்டைப் பெற்றபின் அதனைச் செய்தே எழுந்தாள்.