கிளினிக் கொப்பியில் இன்னொரு வரி

அன்புள்ள வாசகிக்கு,

சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள உங்கள் அம்மா, இன்புளுவென்சா ஊசிப் பேச்சை எடுத்தாலே "பிறகு பாப்பம்" என்கிறார் என எழுதியிருந்தீர்கள். பயமா, அலட்சியமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் "பிறகு"க்கு யாரும் அவருக்கு ஒரு நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரும் அம்மாமாரைப் பாருங்கள். கொப்பியைச் சொப்பிங் பைக்குள் சுற்றி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகளை அதற்குள் செருகி வைத்திருப்பார்கள். அடுத்த திகதி பேனையால் எழுதப்பட்டிருக்கும். மழையோ வெயிலோ, அன்று விடியப்புறமே நம்பர் எடுக்கப் போய்விடுவார்கள். ஊசிக்கு மட்டும் அப்படியொரு வரி எழுதப்படுவதில்லை.

அப்படி நினைவூட்டினால் பலன் உண்டா? 2023 மாரிக்கு முன் டென்மார்க்கில், நாட்பட்ட நோயுள்ள 18 முதல் 64 வயது வரையான சுமார் மூன்று லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஊசி போடச் சொல்லி மின்கடிதம் போனது, மற்றவர்களுக்குப் போகவில்லை. கடிதம் கிடைத்தவர்களில் 39.6 வீதமானோர் ஊசி போட்டார்கள், கிடைக்காதவர்களில் 27.9 வீதமானோர். பத்து நாள் கழித்து இன்னொருமுறை நினைவூட்டியது மிக நன்றாக வேலை செய்தது. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஆய்வொன்றில், எந்த நாள், எத்தனை மணிக்குப் போவேன் என்று தம் கையாலேயே எழுதச் சொன்னதும் போட்டவர் தொகை கூடியது.

ஆனால் டென்மார்க்கில் நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கு அந்த ஊசி இலவசம். இங்கே இலங்கையில் அது தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். பென்சன் காசில் மருந்தும் வாங்கிச் சாப்பாடும் பார்க்கும் ஒருவரிடம், கடிதம் மட்டும் அனுப்பி என்ன பயன்? கிளினிக் நோயாளருக்காவது அரசு இதை இலவசமாகத் தரவேண்டும். 2021 மே 30இல் யாழ்ப்பாணத்தில் பொதுமக்களுக்குக் கொவிட் ஊசி தொடங்கியபோது, கிராம சேவகர் பிரிவு வாரியாக இடமும் நாளும் சொல்லிச் சனத்தைக் கூப்பிட்டார்கள். அந்த ஒழுங்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அம்மாவுக்கு இது வெறும் தடிமன் காய்ச்சல் விஷயமல்ல. இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு என்று 2018இல் கனடாவின் ஒன்ராறியோவில் கண்டார்கள். சீனி வருத்தக்காரருக்கு நியூமோனியாவும் சுலபமாகப் பிடிக்கும். ஊசி போட்டபின் உடலில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு கிழமை எடுக்கும். கிருமி மாறுவதால் ஆண்டுதோறும் போடவும் வேண்டும். அதனால் மாரி தொடங்குமுன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப் போங்கள். அம்மாவுக்கு இந்த ஊசி பொருந்துமா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஓமென்றால், அங்கிருந்து எழும்ப முதலே எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே, யார் கூட்டிப்போவது என்று கொப்பியில் அம்மாவின் கையாலேயே எழுதுவியுங்கள். முதல்நாள் பின்னேரம் ஒருக்கால் போன் எடுத்து ஞாபகப்படுத்துங்கள். காசை மட்டும் அவர் தலையில் போடாதீர்கள். பிள்ளைகள் நீங்கள் பங்கிட்டுக் கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்