மாடு கத்தவில்லையா? ஊசிக்கு முன் சோதனை

"கன்னு போட்டு அஞ்சு மாசமாச்சு. மாடு இன்னும் கத்தவேயில்லை. ஒரு ஊசி போட்டா சரியாப் போயிருமா டொக்டர்?" தோட்டத்தில் மாடு வளர்ப்போர் பலர் கேட்கும் கேள்வி இது. சரியாகலாம். ஆனால் மாட்டின் நிலைமை தெரியாமல் போட்டால், கையில் இருப்பதும் போய்விடும்.

ஊசி என்ன செய்கிறது?

இது சினைப்படுத்தும் ஊசியல்ல; பருவத்தை வரவைக்கும் ஓமோன் ஊசி. பசு ஏறக்குறைய 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் முடிந்ததும் சூலகத்தில் 'மஞ்சட் சடலம்' என்னும் சிறு கட்டி உண்டாகும். அது இருக்கும்வரை மாடு மறுபடி கத்தாது. சினை பிடிக்காவிட்டால், கருப்பையில் சுரக்கும் புரொஸ்டாகிளாண்டின் அதைக் கரைத்துவிடும். வைத்தியர் போடுவதும் அதே வகை ஓமோன்தான். கட்டி முற்றியிருந்தால் 2 முதல் 5 நாளில் பருவம் வரும். கட்டியே இல்லாத மாட்டுக்கு இந்த ஊசியால் பலனில்லை.

ஆபத்து எங்கே?

சினை மாட்டின் வயிற்றில் கன்றைக் காப்பதும் இதே கட்டிதான். சினையென்று அறியாமல் ஊசி போட்டால் கன்று விழுந்துவிடலாம். மாடு கத்தாததற்குச் சினையே காரணமாக இருக்கலாம் அல்லவா? ஆகவே, முதலில் வைத்தியர் கைவிட்டுச் சோதிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. கன்று போட்ட நாள், கத்திய நாள், சினைப்படுத்திய நாள் மூன்றையும் கலண்டரில் குறியுங்கள். காளையோடு சேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2. கொழுந்துக்குப் போகுமுன்னும் மாலையிலும் மாட்டைக் கவனியுங்கள். கட்டியே கிடக்கும் மாடு சத்தமில்லாமலும் பருவத்துக்கு வரும். கண்ணாடி போன்ற சளி வழிகிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினைப்படுத்தலாம்.

3. எலும்பு தெரியும் மாட்டுக்கு முதல் மருந்து தீனிதான். புல்லோடு புண்ணாக்கு, தவிடு, கனியுப்பு கொடுங்கள்.

4. இந்த ஊசியை நாமே வாங்கிப் போடக் கூடாது. மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது.

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த கன்றும் பாலும் 21 நாள் பிந்தும். பால் காசை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சின்ன நட்டமல்ல. இன்றைக்கே கலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள்.