தோள்வலிக்கு எதற்கு நெஞ்சுப் படம்?

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. உன் பட்டறையில் இருபது, முப்பது வருஷம் புகையில் நின்றவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவும் இதைத் தெரிந்துகொள்.

நுரையீரல் புற்று என்றால் இருமல், சளியில் ரத்தம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நுரையீரல் திசு வலியைக் காட்டாது. கட்டி சத்தமில்லாமல் வளர்ந்து மூளை, எலும்பு, கல்லீரல் என்று பரவிய பிறகு, அங்கே வரும் தொல்லைதான் பலருக்கு முதல் அறிகுறி. ஐம்பது வயதில் முதல்முறையாக வலிப்பு. படுத்தாலும் ஓயாமல் ராத்திரியில் கூடும் முதுகுவலி. காறை எலும்புக்கு மேல் கெட்டியாக ஒரு நெறி. அபூர்வமாக விரல் நுனி வீங்கும். நகச்சுற்று என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாளைக் கடத்துவார்கள்.

தோள்வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி பக்கத்து நரம்புகளுக்குள் பரவினால், வலி தோளிலிருந்து கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை இறங்கும். அதே பக்கத்து இமை தொங்கும், கண்ணின் பாவை சுருங்கும். மே மாத வெயிலில் தகரக் கூரைக்கடியில் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்ட, நோய் வந்தவர் முகத்தில் ஒரு பாதி மட்டும் காய்ந்திருக்கும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் பான்கோஸ்ட் 1924-இலேயே இந்தக் கட்டியைப் பற்றி எழுதிவிட்டார். நாம் இன்னும் சுளுக்கு என்று தைலம் தேய்க்கிறோம்.

பீடி தொடாதவருக்கும் நுரையீரல் புற்று வரும். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2017-இல் உறுதி செய்தது. முகக்கவசத்தைக் கழற்றாதே.

இன்னொன்று. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் ஊரில் முதலில் டி.பி.யைத்தான் சந்தேகிப்பார்கள், அது நியாயமே. ஆனால் சளியில் கிருமி தெரியாமல், மாத்திரைக்கும் குறையாவிட்டால், சி.டி. ஸ்கேனும் பயாப்ஸியும் தேவையா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பரவிவிட்டது என்றாலே கைவிட்டுவிடக் கூடாது. சிலருக்குக் கட்டியின் மரபணு மாற்றத்தைப் பார்த்து மாத்திரையாலேயே நோயை வருஷக்கணக்கில் அடக்கி வைக்கிறார்கள்.

மூன்று வாரம் தாண்டியும் வலி விடவில்லை என்று யாராவது சொன்னால், இ.எஸ்.ஐ. கார்டையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு நீயே கூடப் போ. காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை பூந்தமல்லிச் சாலையிலேயே போனால் வந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. பணத்துக்குப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
மாமா