காலதர்

நுழையும்முன்

வீட்டிற்கு ஒளியும் காற்றும் தருவது சன்னல். வேனிலில் வெப்பம் நுழையும் வாயிலும் அதுவே. எதை எப்பொழுது உள்ளே விடுவது என்று அறிந்து சன்னலைப் பயன்படுத்தினால் மின்செலவு குறையும்; இரவில் உறக்கமும் வாய்க்கும்.

சொல்லும் பொருளும்

சன்னலுக்குக் காலதர் என்றொரு பெயர் உண்டு. 'கால்' என்பது காற்று. 'அதர்' என்பது வழி. இச்சொல் சிலப்பதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. வேனிலில் தென்றலைத் தந்த சாளரங்கள் கூதிர்க்காலத்தில் தாழிடப்பட்டிருந்ததை நெடுநல்வாடை காட்டுகிறது. பருவம் அறிந்து திறப்பதும் அடைப்பதும் தமிழர் அறிந்த முறையே.

திசையும் வெயிலும்

தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர், குன்றுகளுக்கு இடையே கணவாயில் அமைந்த ஊர். அது நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. அங்கு வேனில் நண்பகலில் ஞாயிறு உச்சியை ஒட்டிச் செல்லும். ஆகவே தெற்கு, வடக்குச் சன்னல்களுக்கு மேலே நீண்டிருக்கும் சன்ஷேடு அவ்வெயிலைத் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் ஞாயிறு தாழ்ந்திருப்பதால், கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு அது மட்டும் போதாது.

நான்கடி நீளமும் நான்கடி அகலமும் உடைய மேற்குச் சன்னலின் பரப்பு ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர். மாலை வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட் என்று கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் 80 விழுக்காட்டை உள்ளே விட்டால், அறைக்குள் 600 வாட் வெப்பம் புகும். 75 வாட் மின்விசிறி அவ்வெப்பத்தை வெளியேற்றாது. சூடான காற்றையே சுழற்றும்.

திரையா, தட்டியா?

வெயில் கண்ணாடியைக் கடந்தபின் உட்புறத் திரை அதை முழுமையாகத் தடுக்க இயலாது. சூடேறிய திரை அறைக்குள்ளேயே வெப்பத்தை உமிழும். அவ்வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. எனவே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துவதே சிறந்தது. மூங்கில் தட்டி, கொடிப் பந்தல், மேற்கே நட்ட மரம் ஆகியவை குறைந்த செலவில் இதைச் செய்யும்.

இரட்டைக் கண்ணாடிச் சன்னல் குளிர்நாடுகளிலும், குளிர்சாதனம் இயங்கும் மூடிய அறைகளிலும் பயன் தரும். சன்னலைத் திறந்து வாழும் வீட்டிற்கு அதனினும் நிழலே முதன்மையானது.

தெரிந்து தெளிவோம்

எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு விதித்தொகுப்பை வெளியிட்டது. வெம்மையும் ஈரமும் மிக்க பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு திறக்கத்தக்க வழியாக இருக்க வேண்டும் என்கிறது அது. இரு கதவுகள் நகரும் சன்னலில் ஒரு வேளையில் பாதியே திறக்கும் என்பதையும் கணக்கிட வேண்டும்.

இரவுக் காற்று

பகலெல்லாம் வெப்பத்தை உண்ட காங்கிரீட் கூரை இரவில் அதை உமிழும். எதிரெதிரே இரு சன்னல்களைத் திறந்தால் குளிர்காற்று அவ்வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஆனால் கொசுவும் திருட்டு அச்சமும் பலரைச் சன்னலை மூடவைக்கின்றன. தொப்பூர் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளுக்குப் புழுதியும் இரைச்சலும் கூடுதல் இடர்கள். கம்பியும் கொசுவலையும் பொருத்தி, சாலையை நோக்காத பக்கங்களில் சன்னல்களை அமைப்பது இதற்குத் தீர்வாகும். குளிர்சாதனம் வாங்க இயலாத குடும்பத்தில் முதியோரும் குழந்தைகளும் வேனில் இரவைக் கடக்கத் துணைநிற்பது திறந்த சன்னலே.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுச் சன்னல்களின் திசையையும் வெயில் நுழையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து, எந்தச் சன்னலுக்கு முதலில் நிழல் தேவை என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.