கடைக்கு இணையதளம்: நாமே அமைப்பதா?

சகோதர வியாபாரிகளே! கைலி, தொப்பி, அத்தர் விற்கும் நம்மவர் கடைகளுக்கும் இணையதளம் வேண்டுமென்ற பேச்சு வந்துவிட்டது. நாமே அமைப்பதா, ஆள் வைத்து அமைப்பதா என்று தீர்மானிக்குமுன், அதில் என்ன வேலை நடக்க வேண்டுமென்பதை நிச்சயித்துக் கொள்ளல் வேண்டும்.

விலாசம், தொலைபேசி எண், ஜும்ஆவுக்குக் கடையடைக்கும் நேரம், சில சரக்குகளின் படம், இவ்வளவே போதுமென்றால், ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களைக் கொண்டு நாமோ நம் பிள்ளைகளோ சில மாலைகளில் முடித்துவிடலாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதியக் கட்டணமே இல்லை. பலருக்கு அதுவே போதும். தளத்திலேயே பணம் வாங்குவது, வாடிக்கையாளர் விவரங்களைச் சேர்த்து வைப்பது என்று போனால் விஷயம் வேறு. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சிறு கடையையும் கட்டும். அவ்வேலையை அறிந்தவரிடம் விடுவதே நலம்.

யார் அமைத்தாலும் பெயரை விடலாகாது. இணையப் பெயர் விலைக்கு வாங்குவதன்று. காலந்தோறும் கட்டணம் கட்டி வைத்திருப்பது. அமைப்பவர் அதைத் தம் பெயரில் பதிந்துகொண்டால், பிணக்கு வந்த அன்று நம் கடைப்பெயர் அவர் கையில்! கடவுச்சொல்லும் நம் பேரேட்டோடு பூட்டில் இருக்கட்டும். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் பணிக்கிறது. தளக்கூலி எவ்வளவு, ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது, பெயர் யாருடையது என்பவற்றையும் அவ்வாறே எழுதிக் கையொப்பம் பெறுக.

இன்னொன்று. விலை ஏறியபின்னும் தளத்தில் பழைய விலையே நின்றால், வருகிறவர் அதைக் காட்டித்தான் கேட்பார். வாரமொருமுறை திருத்த ஆளில்லாத கடைக்கு ஒரே பக்கம் போதும், விலை போடாமலே.